அஞ்சு விரல் இங்கிலீஷ்

அக்காவுக்கு இங்கிலீஷில் நானூறு வார்த்தைக்குக் கொஞ்சம் மேலே தெரியும். எல்லாமே அஞ்சு எழுத்து வார்த்தைகள். நாலு எழுத்து என்றால், "அது கொழந்தைங்களுக்கு" என்று ஒதுக்கிவிடுவார். ஆறு எழுத்து என்றால், "கைக்கு அடங்காது" என்பார். கைக்கு என்றால் உண்மையிலேயே கைக்குத்தான். கட்டைவிரலில் ஆரம்பித்துச் சுண்டுவிரலில் முடிகிற மாதிரி, விரலுக்கு ஒரு எழுத்து. வலது கை கரண்டியைப் பிடித்துக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்கும். இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கும். உதடு மட்டும் அசையும். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதோ மந்திரம் சொல்லிக்கொண்டே சமைக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். திருவண்ணாமலையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்போது மாவட்டம் பிரிந்த புதுசு. புது மாவட்டத்துக்குப் புது ஆபீஸ்கள் வந்தன. ஆபீஸ்களுக்கு மேஜை, நாற்காலி, பீரோ வந்தன. அவற்றோடு சேர்த்து எங்களையும் அனுப்பிவைத்தார்கள். பீரோவுக்கு இடம் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. வேங்கிக்கால் பக்கம் ஒரு அறையில் நாலு பேர் படுத்துக்கொண்டோம். சாப்பாட்டுக்கு அக்கா மெஸ். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நாலு பெஞ்சு, வாசலில் சாக்பீஸால் எழுதுகிற ஒரு கறுப்புப் பலகை. அவ்வளவுதான். அடி அண்ணாமலையிலிருந்து விடிவதற்குள் வந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். வீட்டுக்காரர் பெங்களூரில் கொத்து வேலை. தீபத்துக்கும் பொங்கலுக்கும் வருவார். அக்காவின் பேர் எனக்குத் தெரியாது. ஊரில் இருக்கிறவர்கள் பேரையெல்லாம் ரிஜிஸ்டரில் எழுதுவதுதான் என் வேலை, ஆனால் எனக்கு மூன்று வருஷம் சோறு போட்டவர் பேரை நான் கேட்கவே இல்லை.

முதல் நாள் இலையில் தண்ணீர் தெளிக்கும்போதே விசாரணை ஆரம்பித்துவிட்டது.

"எந்த ஊருப்பா?"

"செய்யாறு பக்கங்க."

"என்னா வேலை?"

"ஜூனியர் அசிஸ்டென்ட்டுங்க."

"அது பேரு. வேலை என்னா செய்வ?"

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில்கூடக் கேட்கவில்லை.

"தபால் வரும்ங்க. அத ரிஜிஸ்டர்ல ஏத்தி மேல அனுப்புவோம்."

"மேல போயி?"

"திரும்பக் கீழ வரும்."

"வந்து?"

"மறுபடி ரிஜிஸ்டர்ல ஏத்துவோம்."

அக்கா ரசக் கரண்டியோடு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சரி, சாப்புடுப்பா. பாவம்" என்று இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அக்காவின் குணமே அதுதான். எதற்கும் பேர் தெரிந்தால் போதாது, அது என்ன வேலை செய்யும் என்று தெரிய வேண்டும். புதுப் பாத்திரம் வந்தாலும், புது ஆள் வந்தாலும், இங்கிலீஷ் வார்த்தை வந்தாலும் அதே கேள்வி.

வார்த்தை எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா பத்தாவதில் இங்கிலீஷ் ஒன்றில் மட்டும் ஃபெயில். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை, அப்புறம் தனித்தேர்வராக இரண்டு தடவை. அவருடைய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்த ஒரு அம்மா இன்னும் மூன்று வருஷத்தில் ஓய்வு பெறப்போகிறார். அந்த வேலைக்குப் பத்தாவது பாஸ் வேண்டும். அக்காவுக்கு வயசு வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. மெஸ் இருந்த மனைக்காரரோ, "இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல மாடி வீடு கட்டப்போறேன்மா, வேற எடம் பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். ஆக, பாஸானால் வீட்டுப் பக்கத்திலேயே வேலை. ஃபெயிலானால் மெஸ்ஸும் இல்லை, வேலையும் இல்லை.

மூன்று தடவையும் கவிழ்த்தது வார்த்தைதான் என்பது அக்காவின் கணக்கு. "கேள்வியே புரியல. புரிஞ்சா பதில் எழுத மாட்டனா?" அதனால் எங்களை வைத்து வார்த்தை சேர்க்க ஆரம்பித்தார். அன்றைக்கு எந்தப் பாக்கெட்டைப் பிரிக்கிறாரோ, டீத்தூளோ, பெருங்காயமோ, ஊதுபத்தியோ, அதன்மேல் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைப்பார். இரண்டு எழுத்து மாட்டும். பலகையில் சாம்பார், பொரியல், ரசம் என்று எழுதி, அதற்குக் கீழே அந்த இரண்டு எழுத்தையும் எழுதிவிடுவார். இரண்டும் உள்ளே இருக்கிற அஞ்சு எழுத்து இங்கிலீஷ் வார்த்தையை முதலில் யார் அர்த்தத்தோடு சொல்கிறார்களோ அவர்களுக்கு ஒரு வேகவைத்த முட்டை. கிருத்திகை, வெள்ளிக்கிழமைகளில் வடை. முன்பே வந்த வார்த்தை செல்லாது. ஒரு நீள நோட்டில் வார்த்தை, அர்த்தம், சொன்னவர் பேர் மூன்றையும் எழுதிக்கொள்வார். பௌர்ணமியன்று மட்டும் ஆட்டம் கிடையாது. மலை சுற்ற வருகிற கூட்டத்துக்கு எலுமிச்சஞ்சோறு கட்டவே நேரம் சரியாக இருக்கும்.

நோட்டில் ஏறிய வார்த்தை சும்மா இருக்க முடியாது. அன்றைக்கே வேலையில் சேர்ந்துவிடும். 'கொயட்' என்ற வார்த்தை வந்த அன்று மெஸ்ஸில் யாரும் பேச முடியவில்லை. "கொயட்டா சாப்புடுப்பா. கொயட்டா கைய கழுவு." 'பிளன்ட்' வந்த அன்று அருவாமனைக்குச் சாணை பிடிக்க ஆள் தேடினார். விறகுக்காரர் மூன்று மணிக்கு வந்து நின்றபோது, "டிலே ஆயிடுச்சு இல்ல? டிலே பண்ணா டிலே பண்ணித்தான் காசு வரும்" என்றார். விறகுக்காரர் என்னைப் பார்த்து, "அக்கா என்னா திட்டுது சார்?" என்று கேட்டார்.

ரிக்கார்டு கிளார்க் தேவராஜ் அண்ணன் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். நெற்றி முழுக்க விபூதி. பேசும்போதெல்லாம் நடுவில் ஒரு 'அண்ணாமலையாரே' வரும். அவர் ஒரு நாள் நாலாவது தடவை சோறு கேட்டார்.

"இது பசியா, கிரீடாண்ணா?" என்றார் அக்கா.

"என்னாம்மா சொல்ற?"

"முந்தாநேத்து நீங்கதான குடுத்தீங்க, ஜி, ஈ வெச்சி? பேராசைன்னு சொன்னீங்களே. அதான் உங்ககிட்டயே போட்டுப் பாக்கறேன். வேலை செய்யுதா?"

தேவராஜ் அண்ணன் இலையை மூடிவிட்டார். வார்த்தை நன்றாகவே வேலை செய்தது.

அக்காவுக்குப் பிடித்த வார்த்தை, கேயில் ஆரம்பித்துக் கேயில் முடிகிற 'நாக்'. என் அறையில் படுத்திருந்த கீழ்பென்னாத்தூர் சண்முகம் குடுத்தது. அவன் டைப்பிஸ்ட், அதனால் இங்கிலீஷ் எழுத்தெல்லாம் அவனுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. அர்த்தம், கைப்பக்குவம். "பார்றா, இங்கிலீஷ்காரனுக்கும் கைப்பக்குவம்னு ஒன்னு இருந்திருக்கு" என்று அக்கா இரண்டு முட்டை வைத்தார்.

இனி என் யோக்கியதை.

நான் பி.ஏ. வரலாறு, தமிழ் வழி. என் இங்கிலீஷ், ஆபீஸ் கடிதத்தின் முதல் வரியில் தொடங்கி இரண்டாவது வரியில் முடிந்துவிடும். முதல் மாதத்திலேயே தெரிந்த வார்த்தையெல்லாம் தீர்ந்துபோனது. முட்டை ஆசை மட்டும் தீரவில்லை. ஒரு நாள் பலகையில் ஜே, கே என்று இரண்டு எழுத்து நின்றது. ஊதுபத்திப் பாக்கெட்டின் வேலை. மொத்த மெஸ்ஸும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. சண்முகமே கையை விரித்துவிட்டான். முட்டையோ கிண்ணத்தில் உரித்து வெள்ளையாக இருந்தது. என் வாய் தன்னால் திறந்தது.

"ஜல்க்கோ" என்றேன்.

அக்கா விரலை மடக்கினார். "ஜே, ஏ, எல், கே, ஓ. அஞ்சு சரியா இருக்கு. அர்த்தம்?"

எதிரே வெந்நீர் அண்டா இருந்தது. எங்கள் பக்கத்துத் தண்ணீருக்கு உப்பு ஜாஸ்தி. அண்டா அடியில் ஓடு மாதிரி வெள்ளையாகப் படிந்து கிடந்தது.

"அண்டா அடியில படியற உப்புங்கக்கா. அதுக்குத்தான் இங்கிலீஷ்ல ஜல்க்கோன்னு பேரு."

"அதுக்குன்னு தனியா ஒரு வார்த்தை வெச்சிருக்கானா!" அக்கா அசந்துபோனார். நோட்டில் ஏற்றினார். முட்டை என் இலைக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முட்டை தொண்டையில் சிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போனது.

வார்த்தையும் வழுக்கிக்கொண்டு போனது. மறுநாளே, "அண்டால ஜல்க்கோ ஏறிப்போச்சு, யாராவது புளி போட்டுத் தேயுங்கப்பா" என்றார் அக்கா. ஒரு வாரத்தில் மெஸ்ஸில் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு மாசம் கழித்துப் பக்கத்து டீக்கடை மாஸ்டர் பாய்லரைத் தட்டிக்காட்டி என்னிடமே விளக்கினார்: "போர் தண்ணி சார். ஜல்க்கோ ஜாஸ்தி." பெற்ற பிள்ளை முதல் சம்பளம் வாங்கி வந்த மாதிரி எனக்கு ஒரு பூரிப்பு. இவ்வளவு சுலபமா என்று தோன்றிவிட்டது. அதற்கப்புறம் வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று இங்கிலீஷுக்கு நான் வார்த்தை தானம் செய்ய ஆரம்பித்தேன். வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன வேலையை யாராவது செய்ய வேண்டும் அல்லவா.

இரண்டு வருஷம் போனது. பரிட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. மதியக் கூட்டம் ஓய்ந்தபின் நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். "இதப் பாரேன், லெட்டர் எழுதியிருக்கேன்" என்று அக்கா ஒரு தாளை நீட்டினார். உங்கள் தெருவில் குடிநீர் சரியில்லை என்று அதிகாரிக்குக் கடிதம் எழுதுக. பரிட்சையில் அடிக்கடி வருகிற கேள்வி. கையெழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. படித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன்.

'தேர் இஸ் மச் ஜல்க்கோ இன் அவர் வாட்டர்.'

அதற்கடுத்த வரியில் என் இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

தாளைத் திருப்பிக் குடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போனேன். அன்றைக்கு வந்த தபாலையெல்லாம் தப்பான ரிஜிஸ்டரில் ஏற்றினேன். திருத்துகிற மேனேஜர், "என்னாய்யா, வேலை செய்யறியா வெள்ளாடறியா?" என்றார். மறுநாள் மூன்று மணிக்கு பெர்மிஷன் போட்டுவிட்டு மெஸ்ஸுக்கு வந்தேன். அக்கா முறத்தில் துவரம்பருப்பைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த லெட்டர்ல ஜல்க்கோ..."

"ஏன், எழுத்து தப்பா?"

"எழுத்து தப்பில்லக்கா. வார்த்தையே இல்ல. நானா கட்டுனது."

முறத்தில் கை நின்றது.

"எதுக்கு?"

"முட்டைக்கு."

அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இது ஒன்னுதானா?"

"இன்னும் இருக்கு."

"எதெது?"

யோசித்தேன். அப்போதுதான் அந்தக் கொடுமை எனக்கே தெரிந்தது. லெட்டரில் பார்த்த இரண்டைத் தவிர எதுவும் ஞாபகம் இல்லை. உண்மையாகச் சொன்னதும் பொய்யாகச் சொன்னதும் இரண்டு வருஷத்தில் ஒன்றாகக் கலந்து, எல்லாமே மெஸ்ஸில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தன. என்னால் பிரிக்க முடியவில்லை.

"அதுக்கடுத்த வரியில ஒன்னு. மத்தது தெரியலக்கா."

"போட்டவனுக்கே கல்லு எது பருப்பு எதுன்னு தெரியலன்னா, நான் எப்டிப்பா பொறுக்கறது?" அக்கா சத்தமாகப் பேசவில்லை. "மூணு வாரம் இருக்கு. நானூறு வார்த்தைய கையில வெச்சிகினு, பாஸாயிடுவேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருக்கேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. மறுபடி பருப்பைப் பொறுக்க ஆரம்பித்தார். ஒரு கல்லைச் சுண்டி எறிந்துவிட்டு, "மத்தவங்க?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் பலகையில் ரசமும் இல்லை, பொரியலும் இல்லை. இப்படி எழுதியிருந்தது: 'ஞாயித்துக்கிழமை காலை, பொய் சொன்னவங்க எல்லாரும் வரவும்.'

ஞாயிற்றுக்கிழமை மெஸ் நிரம்பிவிட்டது. எப்போதோ இரண்டு தடவை சாப்பிட்டுப்போன ஒரு சர்வேயர்கூட வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

தேவராஜ் அண்ணன் ஆபீஸிலிருந்து தலையணை மாதிரி ஒரு அகராதியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். "என் மேல ஒன்னும் கெடையாதும்மா. இவனுங்களுக்கு ஒதவலாம்னு வந்தேன். அண்ணாமலையாரே!"

அக்கா சட்டத்தைச் சொன்னார். சண்முகம் நோட்டைப் படிக்க வேண்டும். தேவராஜ் அண்ணன் அகராதியில் தேட வேண்டும். இல்லாத வார்த்தை வந்தால், அதைக் குடுத்தவன் அதே இரண்டு எழுத்தை வைத்து நிஜமான அஞ்சு எழுத்து வார்த்தை ஒன்றை, அர்த்தத்தோடும் அது செய்கிற வேலையோடும் தேடித் தர வேண்டும். "அதுவரைக்கும் அடுப்பு எரியாது."

ஏழாவது வார்த்தையிலேயே சண்முகம் நிறுத்தினான். "போளூர்."

எல்லோரும் நிமிர்ந்தோம்.

"பி, ஓ, எல், யூ, ஆர். அர்த்தம், துருவத்துல இருக்கற குளுரு. குடுத்தது..." சண்முகம் தலையைத் தூக்கினான். "தேவராஜ் அண்ணன்."

"நான் போளூர் பஸ்ல எத்தினி தடவ போயிருக்கேன்!" என்றார் அக்கா. "ஒரு தடவகூடக் குளுரலியேண்ணா!"

தேவராஜ் அண்ணன் அகராதியை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். "அவசரத்துல வந்துடுச்சும்மா. வடை சூடா இருந்துச்சு." அன்றைக்குக் கணக்குப் பார்த்ததில் அதிகப் பொய் அவருடையதுதான். மாவட்டத்தில் அஞ்சு எழுத்தில் எழுதக்கூடிய ஊரையெல்லாம் இங்கிலீஷாக்கி வைத்திருந்தார்.

என் முறை வந்தது. ஒவ்வொன்றாக விழுந்தது. 'டேபர்' என்று ஒன்று. மழைக்கு ஒதுங்குகிற கூரை என்று அர்த்தம் சொல்லியிருந்தேன். லெட்டரில் ஜல்க்கோவுக்கு அடுத்த வரியில் இருந்தது அதுதான், நானே கட்டியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "அதத் தேட வேணாம், அது என்னுது" என்றேன். தேவராஜ் அண்ணன் பழி வாங்குகிற மாதிரித் தேடினார். விரல் நின்றது.

"இருக்குய்யா!"

"என்னாது?"

"டேபர். சின்னக் கொட்டு. அந்தக் காலத்துல இடுப்புல கட்டிகினு அடிப்பாங்களாம்."

எனக்கு ஒரு நிமிஷம் ஜில்லென்றிருந்தது. நான் பொய் சொல்லும்போதுகூட இங்கிலீஷ் என்னைக் கைவிடவில்லை.

"ரொம்ப சந்தோஷப்படாத" என்றார் அக்கா. "வார்த்தை நெஜம். ஆளுதான் பொய்யி."

ஜல்க்கோ வந்தது. இல்லை. ஜே, கே. மறுபடி எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தோம். பத்தே காலாயிற்று, பதினொன்றாயிற்று. வயிறு கத்தியது. அகராதியில் ஜே பக்கங்களைத் தேவராஜ் அண்ணன் மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டு குடித்தார். செம்பை வைக்கும்போது அலமாரியில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ரம்மி ஆடுகிற சீட்டுக்கட்டு இருந்தது. மேல் சீட்டை எடுத்தார். அதன் ஓரத்தில் இருந்த எழுத்துக்கு விரலை மடக்க ஆரம்பித்தார். ஜே. ஓ. கே. சுண்டுவிரல் மடங்கியதும் சீட்டை எங்கள் முன்னால் போட்டார்.

ஜோக்கர்.

"வாரா வாரம் கையில வெச்சிகினு இருக்கீங்களேப்பா!"

சர்வேயர் மட்டும், "ஆமால்ல" என்றார்.

"இது என்னா வேலை செய்யும்?" என்று கேட்டார் அக்கா.

"எந்தச் சீட்டு கையில இல்லையோ, அதுக்குப் பதிலா இதப் போட்டுக்கலாங்கக்கா" என்றான் சண்முகம்.

அக்கா சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்பிடியா" என்று மட்டும் சொன்னார். நோட்டில் ஜல்க்கோவை அடித்துவிட்டுப் பக்கத்தில் அதை எழுதினார். எழுதியவர் சும்மா இருக்கவில்லை. அடித்த வார்த்தையைப் பேனாவால் தட்டி, "பாவம், இது நல்லா வேலை செஞ்சுதுப்பா. பதிவுலதான் இல்ல. உனக்கு நேர்மாறு" என்றார்.

மெஸ் அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குச் சிரிக்கிற உரிமை இருந்ததா என்று தெரியவில்லை.

மூன்று மணிக்குக் கடைசிக் கல்லையும் பொறுக்கி முடித்தோம். அப்புறம்தான் அடுப்பு எரிந்தது. அந்த மூன்று வாரமும் தினம் சாயங்காலம் ஒருத்தர் முறை வைத்து உட்கார்ந்து, பாடப் புத்தகத்திலிருந்து அக்காவைக் கேள்வி கேட்டோம். முட்டை கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

பரிட்சை அன்று நாலு பேர் நாலு விதமான காரணம் எழுதிக் குடுத்துவிட்டு, டவுனில் பள்ளிக்கூட வாசல் வேப்பமரத்தடியில் நின்றோம். என் லீவு லெட்டரில் என் தாத்தா மூன்றாவது தடவையாகக் காலமானார். மணி அடித்ததும் அக்கா வெளியே வந்தார். சுற்றிலும் அவரில் பாதி வயசுப் பிள்ளைகள். அக்கா கையில் மஞ்சப் பையும் பரிட்சை அட்டையும்.

"என்னாக்கா ஆச்சு?"

"லெட்டர் வந்துச்சு."

நான் முன்னால் போய் நின்றேன். "தண்ணியா?"

"இல்ல. எங்க ஊருக்கு பஸ் வரலன்னு எழுதச் சொன்னான். நெஜமாவே சரியா வர்றதில்ல இல்ல? அதனால நல்லா எழுதினேன். முடிஞ்ச வரைக்கும் அஞ்சு எழுத்து வார்த்தையாவே போட்டுட்டேன். ஆறு எழுத்துல ஒரு ரெண்டு மூணு தானா வந்துச்சு. எங்க போயி அதையெல்லாம் நிறுத்தறது?"

"பாஸாயிடுவீங்களா?"

"அத என்னக் கேக்காத. திருத்தறவரக் கேளு."

ஒன்றரை மாசம் கழித்துப் பாஸான நம்பர்கள் பேப்பரில் வந்தன. பஸ் ஸ்டாண்டு கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் நாலு பேரும் நாலு மூலையிலிருந்து தேடினோம். நம்பர் இருந்தது. மார்க் ஷீட் வந்தபோது இங்கிலீஷில் நாற்பத்தொன்று. அன்றைக்குக் கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் இரண்டிரண்டு முட்டை. எனக்கு மட்டும் ஒன்று.

நாங்கள் யாருமே யோசிக்காத ஒன்று அதற்கப்புறம்தான் உறைத்தது. ஆறு மாசத்தில் அக்காவுக்கு வேலை வந்தது. மெஸ்ஸை மூடிவிட்டார். ராத்திரி பகலாகப் பாடம் சொல்லிக்கொடுத்து, எங்கள் சோற்றில் நாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோம். அப்புறம் ஹோட்டல், வயிற்று வலி, தேவராஜ் அண்ணனுக்கு அல்சர். சண்முகம் கல்யாணம் பண்ணிக்கொண்டான். பசிதான் காரணம் என்று நாங்கள் சொல்வோம். எனக்கும் மாற்றல் வந்தது. நாலு ஊர் சுற்றினேன்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு வருஷம், அசிஸ்டென்டாகி மறுபடி திருவண்ணாமலைக்கே வந்தேன். புதிதாக வந்த அதிகாரி மேடத்தோடு சத்துணவு மையங்களை ஆய்வு செய்யப் போவது என் வேலையில் ஒன்று. மேடம் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு சின்னவர். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்பார். அதனால் ஒரு ஏற்பாடு. பார்வையாளர் பதிவேட்டில் ஆய்வுக் குறிப்பை இங்கிலீஷில் நான் எழுதிவிடுவேன். மேடம் கையெழுத்துப் போடுவார். சுகாதாரம், சுவை, வருகை என்று அஞ்சு வரி. எல்லா ஊருக்கும் அதே அஞ்சு வரிதான்.

அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் சாதக் கரண்டியோடு வந்தார். தலையில் பாதி நரை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது என்பது கண்ணாடிக்குப் பின்னாலிருந்த கண்ணில் தெரிந்தது.

"வாங்க மேடம். வாங்க சார்."

சார். மூன்று வருஷம் 'ஏம்பா' என்று கூப்பிட்டவர். எங்கே போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. "நல்லா இருக்கீங்களாக்கா?" என்றேன். "இருக்கேன் சார்" என்றார். உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது. மேடம் சாதத்தைக் கிள்ளிப் பார்த்தார், சாம்பாரை ருசி பார்த்தார், பரவாயில்லை என்கிற மாதிரிப் புருவத்தைத் தூக்கினார். ஸ்டோர் ரூம் பூட்டைத் திறந்து பார்த்தார். எல்லாம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

பதிவேடு வந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கமான அஞ்சு வரியை எழுதினேன். சாப்பாடு நிஜமாகவே நன்றாக இருந்ததால் ஆறாவதாக ஒரு வரியும் சேர்த்தேன். எழுதி முடித்து மேடம் பக்கம் நீட்டினேன். மேடம் பேனாவைத் திறந்தார்.

அக்கா நடுவில் கையை நீட்டிப் பதிவேட்டை வாங்கிக்கொண்டார். கண்ணாடியைச் சரி செய்து, விரலை வரிக்குக் கீழே வைத்து மெதுவாகப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது. படித்து முடித்து மேடத்திடம் திருப்பிக் குடுத்தார்.

"மேடம், கையெழுத்து போடறதுக்கு முன்ன நீங்க ஒரு தடவ முழுசா படிச்சிடுங்க."

"எதுக்கும்மா?" மேடம் வாட்சைப் பார்த்தார். "எல்லா சென்டர்லயும் சார்தான் எழுதறாரு."

"அதனாலதான் மேடம் சொல்றேன்."

மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பேனாவை மூடி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அக்கா பக்கத்தில் நின்று மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆறு வரியில் இருந்த வார்த்தை ஒவ்வொன்றும் நிஜமானது. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வியர்த்தது.